நாற்பது மடங்கு ஜூமும் ததிங்கிணதொம்மும்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். சேர்த்து வைத்த 40,000 ரூபாயில் ஒரு கேமரா வாங்க ஆசை. மகளுக்கு 9 வயது, பரதம் கற்கிறாள். பள்ளி ஆண்டு விழா, நவராத்திரி, சிவராத்திரி நாட்டியாஞ்சலி என்று வருடத்துக்கு நாலைந்து மேடை ஏறுகிறாள். போனில் எடுத்தால் முகம் கலங்கி, கை ஒரு வெள்ளைக் கோடாக விழுகிறது. பையனுக்கு 5 வயது, ஒரு இடத்தில் நிற்கமாட்டான். எனக்குத் தாராசுரம் சிற்பங்களை எடுக்க வேண்டும் என்று நெடுநாள் விருப்பம். வருடத்துக்கு ஒரு தடவை ஊட்டி, கொடைக்கானல் போவோம். மைத்துனர் ‘லென்ஸ் மாற்றிப் போடுகிற டிஎஸ்எல்ஆர் வாங்குங்கள், அதுதான் கேமரா’ என்கிறார். கடைக்காரர் 40 மடங்கு ஜூம் உள்ள, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமரா ஒன்றைக் காட்டி, ‘கடைசி வரிசையில் உட்கார்ந்தே மூக்குத்தியை எடுக்கலாம்’ என்றார். என் மனைவியோ, ‘அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள், மூன்றே மாதத்தில் பீரோவுக்குப் போய்விடும்’ என்கிறாள். எதை வாங்குவது? பிளாஷ் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். அவர்களில் கேமராவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் உங்கள் மனைவிதான். இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் கேமராவோடு அலைகிறவன் நான். பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பதால், வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆன டிஎஸ்எல்ஆர்களை ‘விற்றுத் தர முடியுமா’ என்று கொண்டுவந்து வைப்பார்கள். கடை கொடுத்த இலவசப் பையில், வாங்கின நாள் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். லென்ஸ் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை. படம் எடுத்துத் தேய்ந்து போன கேமராவை நான் பார்த்தது குறைவு, பீரோவில் இருந்தே செத்துப்போனவைதான் அதிகம். அதனால் உங்கள் மனைவி சொல்வதைக் கடைசிவரை ஒரு காதில் வைத்துக்கொண்டே மற்றதைப் பேசுவோம்.

முதலில் கடைக்காரரின் 40 மடங்கு.

அந்த எண் கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அது கேமரா எவ்வளவு தெளிவாக எடுக்கும் என்பதைச் சொல்வதில்லை. லென்ஸின் மேல் மிமீ-யில் போட்டிருக்கும் குவியத் தூரத்தில், மிகக் கூடியதை மிகக் குறைந்ததால் வகுத்தால் வருவதுதான் இந்த மடங்கு. கேனன் எஸ்எக்ஸ்740 மாதிரிக் கேமராக்களில் 24 மிமீ-யில் ஆரம்பித்து 960 மிமீ வரை இழுக்கலாம், வகுத்தால் 40. பகல் வெயிலில் கோபுரத்தின் உச்சிக் கலசத்தை எடுக்க இது பிரமாதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, மூக்குத்தி நிச்சயமாகத் தெரியும். ஆனால் எந்த வெளிச்சத்தில் என்பதை அவர் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய ஜூமை ஒரு சட்டைப்பைக் கேமராவுக்குள் எப்படி அடைத்தார்கள்? சென்சாரைச் சின்னதாக்கித்தான். அந்தக் கேமராக்களில் ஒளி விழும் தகடு ஏறக்குறைய 6.2 மிமீக்கு 4.6 மிமீ. ஒரு துவரம்பருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே அளவுதான். கேனன் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் இருக்கும் சென்சார் 22.3 மிமீக்கு 14.9 மிமீ, சின்னத் தபால்தலை அளவு. பரப்பைக் கணக்குப் போட்டால் துவரம்பருப்பைப் போல் 12 மடங்கு வரும். இரண்டிலும் 20, 24 மெகாபிக்சல் என்று அட்டையில் போட்டிருக்கும். அத்தனை புள்ளிகளையும் துவரம்பருப்பில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வெளிச்சம் கொஞ்சம்தான். பகலில் இது தெரியாது. இரவு மேடையில்தான் மண்மண்ணாகப் புள்ளிகள் விழும்.

இத்தோடு முடியவில்லை. ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் துளை சுருங்கிக்கொண்டே போகும். நான் சொன்ன அந்த 40 மடங்குக் கேமராவில் விரிந்த நிலையில் எஃப்/3.3, முழுக்க இழுத்தால் எஃப்/6.9. இந்த எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். எஃப்/1.8 உள்ள ஒரு லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப்/6.9-ல் உள்ளே வருவது ஏறக்குறைய 15-ல் ஒரு பங்கு. கடைசி வரிசை நாற்காலியிலிருந்து மூக்குத்தியை எடுக்கிறேன் என்று போனால் துவரம்பருப்பு அளவுத் தகடு, 15-ல் ஒரு பங்கு வெளிச்சம், நடனமாடும் பெண் என்று மூன்றும் சேர்ந்துகொள்ளும். போனில் உங்களுக்குக் கிடைத்த அதே வெள்ளைக் கோடுதான் இங்கேயும் கிடைக்கும், இன்னும் பெரிதாக.

நானே இதை அனுபவப்பட்டுத்தான் கற்றேன். 2005 வாக்கில் அக்கா மகளின் அரங்கேற்றம். மறுநாள் காலை வேறு ஊரில் முகூர்த்தம் இருந்ததால் பெரிய கேமராவை உதவியாளரிடம் முன்கூட்டியே கொடுத்து அனுப்பிவிட்டு, அப்போது புதிதாக வாங்கியிருந்த ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்துவேன். அது இருட்டில் ஃபோகஸைத் தேடிக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். அப்புறம் ‘க்ளிக்’ என்னும். அதற்குள் தூக்கிய கால் கீழே வந்திருக்கும், விரித்த கை இடுப்புக்குப் போயிருக்கும். நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். ஆல்பத்தில் ஒட்டும்படி தேறியது மூன்று. அதில் ஒன்று அவள் நமஸ்காரம் செய்து நின்ற படம், அதை யார் எடுத்தாலும் வந்திருக்கும். அக்கா இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். இப்போதைய காம்பாக்டுகள் அவ்வளவு மந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மங்கல் வெளிச்சத்தில், கண்ணாடி வழியாக நேரே பார்த்து, தனி ஃபோகஸ் சென்சார் வைத்துச் சட்டென்று பிடிக்கும் டிஎஸ்எல்ஆரோடு மலிவான காம்பாக்ட் ஓட முடியாது.

சரி, மைத்துனர் ஜெயித்தாரா? அதுவும் முழுக்க இல்லை.

அவர் பேச்சைக் கேட்டு நீங்கள் கடைக்குப் போனால் ஒரு பெட்டியைத் தருவார்கள். உள்ளே கேமராவும், அதோடு சேர்த்தே தருகிற 18-55 மிமீ லென்ஸும் இருக்கும், இதைத்தான் கிட் லென்ஸ் என்பார்கள். கூடவே பை, மெமரி கார்டு, ஒரு சின்ன முக்காலி. உங்கள் 40,000 ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். அதைக் கொண்டுபோய் நாட்டியாஞ்சலியில் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடும் குழந்தையின் கை அசையாமல் படத்தில் நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு திறந்து மூடும் நேரம், 1/250 வினாடியாவது வேண்டும். ஓரளவு நன்றாக விளக்குப் போட்ட சிறு மேடையில், எஃப்/1.8 லென்ஸோடு, ஐஎஸ்ஓவை (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற எண்) 1600 வைத்தால் இந்த வேகம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் துளை எஃப்/5.6. வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 16,000 வேண்டும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரான கேனன் 1500டி-யின் சாதாரண எல்லையே 6400. ஆக, கேமரா என்ன செய்யும்? ஆட்டோவில் விட்டிருந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடும். மறுபடியும் வெள்ளைக் கோடு. ‘டிஎஸ்எல்ஆர் வாங்கியும் போன் மாதிரியேதான் வருது’ என்று என்னிடம் வந்து புலம்புகிற பெற்றோர் எல்லோரும் கிட் லென்ஸ்காரர்கள்.

எனவே நீங்கள் டிஎஸ்எல்ஆரா, காம்பாக்டா என்று கேட்பதைவிட, அந்த 40,000-த்தில் எவ்வளவு கேமராவுக்கு, எவ்வளவு லென்ஸுக்கு என்று கேட்க வேண்டும். கடைகளில் உடம்பை விற்பார்கள். உங்களுக்கு வேண்டியது கண்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கேமரா உடம்பை இரண்டாம் கையாக வாங்குவேன். கேனன் 1500டி-யோ 200டி-யோ கிட் லென்ஸோடு நல்ல நிலையில் கிடைக்கும். விற்பவர்கள் நான் மேலே சொன்ன பீரோக்காரர்கள்தான். அவர்களுடைய சோம்பல் உங்களுக்கு லாபம். புதிய விலையைவிடக் கணிசமாகக் குறையும். மிச்சப்பட்ட பணத்தில் கேனன் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸைப் புதிதாக, பில்லோடு வாங்குவேன். ஸ்டூடியோக்காரர்கள் அதை ‘ஃபிஃப்டி’ என்றே சொல்வார்கள். 2015-ல் வந்த லென்ஸ், எடை ஏறக்குறைய 160 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஜூம் கிடையாது, நம் கால்தான் ஜூம்.

அது மேடைக்குப் போதுமா என்று சந்தேகம் வரும். இந்தச் சென்சாரில் 50 மிமீ, பழைய பிலிம் கேமராவில் 80 மிமீ காட்டிய அளவுக்குக் காட்டும். மேடையிலிருந்து 5 மீட்டரில் நின்று, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் இரண்டேகால் மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். ஒன்பது வயதுக் குழந்தை கையைத் தூக்கி நின்றாலும் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் உருவம் சிறுக்கும், ஆனால் 24 மெகாபிக்சலில் வெட்டி எடுத்துக்கொள்ளத் தாராளமாக இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் மேடைகளில் ஆடுகிற பிள்ளையின் அப்பா முன்னால் வந்து ஓரமாகத் தரையில் உட்கார்ந்தால் யாரும் விரட்டப்போவதில்லை. பெரிய சபாக்களில் நடமாட விடமாட்டார்கள். அது இன்னும் சில வருடம் கழித்து வரும் கவலை.

‘டபுள் லென்ஸ் கிட்’ என்று 55-250 மிமீ-யையும் சேர்த்து விற்பார்கள். இப்போது வேண்டாம். விளையாட்டு தினத்துக்கும் பறவைகளுக்கும் நல்ல லென்ஸ். மேடைக்கு அதுவும் அதே எஃப்/5.6 சங்கதிதான்.

நிக்கான் பக்கம் மலிவாக டி3500 அகப்பட்டால் தாராளமாக வாங்கலாம். ஒரு சார்ஜில் 1550 படம் என்பது அதன் கணக்கு, நான் பார்த்த தொடக்கநிலைக் கேமராக்களில் பேட்டரி விஷயத்தில் அதற்கு இணை இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ‘ஏஎஃப்-டி’ என்று போட்ட பழைய லென்ஸை யாராவது சல்லிசாகத் தந்தால் மாட்டலாம், ஆனால் ஃபோகஸை நீங்களே கையால் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கேனன் இஎஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை.

கேனன் 3000டி என்று ஒன்று இருக்கிறது, விலை இன்னும் குறைவு. லென்ஸ் மாட்டுகிற வளையமே அதில் பிளாஸ்டிக். லென்ஸ் மாற்றி மாற்றிப் போடப்போகிற உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாம் கை வாங்கும்போது ஒரு டார்ச் கொண்டு போங்கள், போனில் உள்ளதே போதும். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, எடுக்காதீர்கள். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை, அது எல்லா லென்ஸிலும் உண்டு. அப்புறம் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்துவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அசல் பில் இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் கேமரா அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். திருட்டுக் கேமரா சந்தையில் நிறையவே சுற்றுகிறது.

‘டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, மிரர்லெஸ் வாங்கு’ என்று, உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமராவை நாளைக்கே ஒருவர் உங்களிடம் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். நிக்கான் டி3500-ஐ நிறுத்திவிட்டது. கேனனும் 2020-ல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-தான் தன் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர் என்று சொல்லிவிட்டது. புதிய லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸுக்கே வருகின்றன. ஆனால் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியதற்காக உங்கள் கையில் இருக்கும் கேமரா படம் எடுப்பதை நிறுத்தாது. எல்லோரும் மிரர்லெஸுக்கு ஓடுவதால்தான் பழைய டிஎஸ்எல்ஆர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. நாலைந்து வருடம் கழித்துக் கையில் பணம் வந்தால் கேனன் மிரர்லெஸ் உடம்பு ஒன்றை வாங்கி, ஒரு அடாப்டர் போட்டு, இதே ஃபிஃப்டியை மாட்டிக்கொள்ளலாம். லென்ஸ் வீண்போகாது என்பதால்தான் அதை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னேன்.

காம்பாக்டை ஒரேயடியாகத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வகையின் கதையே சோகம். லென்ஸ் மாற்ற முடியாத சின்னக் கேமராக்கள் 2010-ல் உலகம் முழுக்கப் 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது 20 லட்சத்துக்கும் கீழே. நடுவில் போன் வந்து தின்றுவிட்டது. பகல் வெளிச்சத்தில் மலிவான காம்பாக்ட் செய்கிற எல்லாவற்றையும் இப்போது போன் செய்துவிடுகிறது, ஜூம் ஒன்றைத் தவிர. மிஞ்சியிருப்பவை இரண்டு கூட்டம். ஒன்று, கடைக்காரர் காட்டிய நீண்ட ஜூம் வகை. இன்னொன்று, ‘ஒரு இன்ச்’ என்று சொல்லப்படுகிற பெரிய சென்சார் வகை. பெயரில்தான் இன்ச், உண்மையில் 13.2 மிமீக்கு 8.8 மிமீ, புளியங்கொட்டை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7 எக்ஸ் வரிசைகள் இந்த ரகம். ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் லென்ஸ் எஃப்/1.8-ல் தொடங்கி, இழுத்தாலும் எஃப்/2.8-க்கு மேல் போகாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கேமராவில் இதைவிட நல்லது கேட்க முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர், மலை ஏறுகிறவர், ஒற்றைப் பையோடு ஊர் சுற்றுகிறவர் யார் என்னிடம் கேட்டாலும் டிஎஸ்எல்ஆர் வேண்டாம், இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் விலை. புதிதாக வாங்க உங்கள் 40,000 போதாது. இளைஞர்களிடம் இந்தக் கேமராக்களுக்குத் திடீர் மோகம் வந்திருப்பதால் இரண்டாம் கை விலையும் இறங்குவதில்லை.

இனி தாராசுரம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், சிற்பத்துக்கு எந்தக் கேமராவும் போதும். ஆயிரம் வருடத்தை நெருங்குகிற கல், ஆடாது, ஓடாது. ஐராவதேசுவரர் கோயில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதை எடுப்பதில் காம்பாக்ட் ஒரு விதத்தில் டிஎஸ்எல்ஆரை மிஞ்சும். சில சென்டிமீட்டர் பக்கத்தில் போயும் ஃபோகஸ் ஆகும், சின்னச் சென்சார் என்பதால் சிற்பத்தின் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழும். கிட் லென்ஸுக்கு 25 செ.மீ. இடைவெளி வேண்டும். அது ஒன்றும் பெரிய குறையில்லை. ஃபிஃப்டியை இங்கே கழற்றி வைத்துவிட்டுக் கிட் லென்ஸை மாட்டுங்கள், துளையை எஃப்/8-ல் வையுங்கள். கேமராவைவிட நேரம்தான் முக்கியம். உச்சிவெயிலில் போனால் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தச் சிற்பம்கூடத் தட்டையாக, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற காலையிலோ மாலையிலோ போங்கள். ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் விழும், கல் எழுந்து வரும். தேர் மண்டபத்தின் குதிரையையும் சக்கரத்தையும் ஒரே வாரத்தில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நாலு கிலோமீட்டர் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் இருக்கக்கூடாது. தொல்லியல் துறைக் கோயில் என்பதால் முக்காலிக்குத் தனி அனுமதி கேட்பார்கள், கடை கொடுக்கிற அந்தச் சின்ன முக்காலியை எதிர்பார்க்காதீர்கள்.

ஊட்டிக்குப் போன் போதும். ஓடுகிற பையனுக்கு ஃபிஃப்டி.

மேடைக்கு வருவோம், இதற்காகத்தானே வாங்குகிறீர்கள். மோடு சக்கரத்தை ‘எம்’-ல் வையுங்கள், துளையையும் ஷட்டரையும் நாமே வைக்கும் முறை அது, பயப்பட வேண்டாம். துளை எஃப்/2, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து முகத்தில் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா மகளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் நடராஜர் படுதாவைப் பிடித்துக்கொள்ளும். படங்களின் வெளிச்சம் ஒன்றுக்கொன்று மாறி, குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாதது வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த மாதிரி மேடையில் 1/100-க்கு இறங்கி, அவள் நிற்கும் கணங்களை மட்டும் எடுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் லைட் போடுகிறவரிடம் போய், ‘அண்ணே, சிவப்பும் நீலமும் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், முன்னாலிருந்து ஒரு வெள்ளை மட்டும் அணைக்காமல் இருக்கட்டும்’ என்று சொல்லிவைப்பது ஒரு புதிய லென்ஸ் வாங்குவதற்குச் சமம்.

எப்போது அழுத்துவது? இதற்குக் காது வேண்டும். ஜதியின், அதாவது தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதியின், முடிவில் தீர்மானம் என்கிற முத்தாய்ப்பு வரும். ஆசிரியை தாளம் தட்டிச் சொல் சொல்லும் நட்டுவாங்கத்தில் ‘ததிங்கிணதொம்’ மூன்று தடவை விழும், மூன்றாவது ‘தொம்’மில் குழந்தை அப்படியே நிற்கும். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி முழுதாக இறங்கி, கை முழுதாக நீண்டு, கண் உங்களைப் பார்க்கும் கணம் அது. ‘தொம்’ காதில் விழுந்த பிறகு அழுத்தினால் நீங்கள் தாமதம். முதல் ‘ததிங்கிணதொம்’மில் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸை நிறுத்துங்கள், இரண்டாவதில் மூச்சைப் பிடியுங்கள், மூன்றாவது ‘கிண’விலேயே முழுக்க அழுத்திவிடுங்கள். 1500டி வினாடிக்கு 3 படம்தான் எடுக்கும், பொத்தானை அழுத்திப் பிடித்துச் சரமாரியாக எடுத்து ஒன்றைப் பொறுக்கலாம் என்பதெல்லாம் நடக்காது. தாளம் தெரிந்தவருக்கு அந்த மூன்றே அதிகம். உங்களுக்குத் தாளம் பிடிபடவில்லை என்றால் ஒரு மாதம் மகளை வகுப்புக்குக் கூட்டிப்போகும்போது வாசலில் போனைப் பார்க்காமல் உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். ஆசிரியை அனுமதித்தால் கேமராவையும் கொண்டுபோய்ப் பழகுங்கள்.

வீடியோவுக்கு இந்தக் கேமராவை நம்பாதீர்கள். ஓடுகிற உருவத்தோடு ஃபோகஸ் நகர்வது 1500டி-யில் மந்தம். 29 நிமிடம் 59 வினாடியில் பதிவு தானாக நின்றுவிடும். நாளைக்கு மகள் வர்ணம் ஆடும்போது சரணத்தின் நடுவில் அறுந்துபோனால் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடைக்காது. போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

அவர் சொன்ன பைக்கு வருகிறேன். 1500டி பேட்டரி, கார்டோடு 475 கிராம், ஃபிஃப்டியோடு சேர்த்து 635 கிராம் வரும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கேமராவைப் பாரமாக்குவது அந்தப் பை. சார்ஜர், கிளீனிங் திரவம், மூன்று ஃபில்டர், முக்காலி, கையேடு என்று அறைக்கு அறை அடைத்து, ஒரு கல்யாணச் சீர் மாதிரி ஆக்கிவிடுவோம். அதைப் பரணில் போடுங்கள். கேமராவை ஒரு பருத்தித் துண்டில் சுற்றி, நீங்கள் தினமும் தோளில் மாட்டுகிற பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது பீரோவில் துணிகளோடு வைக்காதீர்கள். காவிரிக் கரை ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பிடித்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, டிவி பக்கத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். குருணை நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும்.

கடைசியாகப் பிளாஷ் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம், கேமராவில் இருப்பதையும் திறக்க வேண்டாம். முகத்தில் மேக்கப் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், நெற்றிச்சுட்டி மின்னி மற்றதெல்லாம் இருண்டுவிடும், ஒன்பது வயசுக் குழந்தை கண் கூசி அடவை விட்டுவிடும். போதாக்குறைக்கு நட்டுவாங்கம் செய்கிற அம்மா தட்டுகிற கையை நிறுத்தாமலே உங்களை ஒரு முறை முறைப்பார்.